நெடுந்தீவுப் பெடியளின் வளர்த்தி: ஓர் ஆய்வு

நெடுந்தீவில் பெருக்கமரம் பக்கவாட்டில் பருத்தது. மேல்நோக்கி வளர்ந்துகொண்டே இருப்பதாகப் பேர் வாங்கியது வளரும் கல். தீவு பார்க்க வருகிறவர்களைக் கூட்டிப்போய்க் காட்டுவார்கள், கும்பிடுவாரும் உண்டு. அடிமட்டத்தோடு போனவரை இக்கட்டுரையாளர் கண்டதில்லை. இருபது வயதுப் பெடியனோ கிழமைக்கொருக்கால் கதவு நிலையில் முதுகைச் சாய்த்துப் பென்சிலால் கோடு கீறுகிறான். ஒரு நூல்கூட ஏறுவதில்லை. ஆகவே எமது முதற் கருதுகோள்: அளக்காத பொருளே வளரும்.

மருத்துவர்கள் இதை ஏற்கார். நீண்ட எலும்புகளின் முனையருகே குருத்தெலும்புத் தட்டு உண்டு. அது எலும்பாக இறுகினால் வளர்த்தி முடிந்தது. ஆண்களில் பெரும்பாலும் 18 வயதையொட்டி, சிலருக்குச் சற்றுப் பிந்தி. இறுகச் சொல்லும் ஓமோன் ஈஸ்திரோஜன், ஆம்பிளைக்கும் அதுதான். அதற்கு உடல் செவிசாய்க்காத 28 வயது ஆணொருவர் 204 சென்ரிமீற்றரிலும் வளர்ந்துகொண்டிருந்ததாக 1994இல் அமெரிக்க மருத்துவ இதழொன்று பதிவு செய்தது. மீசையை முறுக்கும் பெடியளிடம் இதைச் சொல்லும்போது கொஞ்சம் தள்ளி நிற்பது நல்லது.

கம்பியில் தொங்கினால் தோள் வலுக்கும், அவ்வளவே. ஒடியற்கூழ் குடித்தாலும் உயராது. ஆனால் நண்டும் இறாலும் தாராளமாய் விழுந்த கூழென்றால் பரிசோதனையைத் தொடர ஆய்வாளருக்கு ஆட்சேபமில்லை.

எதிர்த்தரப்பு அப்பம்மா. "என்ன மோனை, போனமுறையிலும் பாக்க வளந்திட்டாய்!" என்று 25 வயதுப் பேரனுக்குச் சொல்கிறா. சிரிக்க வேண்டாம். நாற்பதுக்குப் பிறகு மனிதர் பத்தாண்டுக்கு ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் குறுகுவர். எழுபது தாண்டினால் இன்னும் விரைவாக. அப்பம்மா தன்னையே அடிமட்டமாக வைத்து அளக்கிறா, அடிமட்டம் சுருங்குகிறது. கணக்கில் பிழையில்லை.

பெடியளும் நாளாந்தம் சுருங்குகிறார்கள். நிற்க நடக்க, முள்ளந்தண்டின் இடைத்தட்டுகளிலிருந்து நீர் பிழிபடும். இரவு படுத்தால் மீண்டும் ஊறும். காலைக்கும் மாலைக்கும் ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் வித்தியாசம் வரும். அதில் பாதியளவு எழும்பிய முதல் மணித்தியாலத்திலேயே போய்விடும்.

குறிகட்டுவானிலிருந்து படகு வந்துசேரவும் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். மாப்பிள்ளை பார்க்க வருவோர் முதற் படகைப் பிடித்தாலும் பெடியன் விடிய எழும்பித் தலைவாரி நின்றானென்றால் நட்டம்தான். ஆகவே எமது விதப்புரை: பெண் வீட்டார் படலை திறக்கும்வரை மாப்பிள்ளையைப் பாயிலிருந்து எழுப்பக் கூடாது. நித்திரைக்காரன் என்று சம்பந்தம் குழம்பினால் அது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.