கறாரான கணக்கப்பிள்ளைகள்

2024 மே மாதக் கடைசியில் அமெரிக்க பேஸ்பாலில் ஓர் அதிசயம் நடந்தது. செத்து 77 வருஷமான ஒரு மனிதர், மட்டையைத் தொடாமலே, ஒரே நாளில் பேட்டிங் பட்டியலின் உச்சிக்குப் போய் உட்கார்ந்தார். பெயர் ஜாஷ் கிப்சன். சராசரி .372. அதாவது ஆயிரம் முறை மட்டை பிடித்தால் 372 முறை ஹிட். அதுவரை அந்த நாற்காலியில் கால்மேல் கால் போட்டிருந்தவர் டை காப், .367. ஒரே சீசனின் சராசரியிலும் 1894-இல் ஹியூ டஃபி எடுத்த .440 கீழே இறங்கி, 1943-இல் கிப்சன் எடுத்த .466 மேலே ஏறியது. ஒவ்வொரு ஹிட்டும் எத்தனை பேஸுக்கு என்றும் சேர்த்து எண்ணும் ஸ்லக்கிங் கணக்கில் பேப் ரூத்தே இரண்டாமிடத்துக்குப் போனார்.

கிப்சன் 1943-இலும் இதே .466-தான் அடித்தார். அந்த வருஷப் பிறப்பில் மயங்கி விழுந்து, மூளையில் கட்டி என்று மருத்துவர்கள் சொல்லி, அறுவை சிகிச்சை வேண்டாமென்று எழுந்து வந்து அடித்தது அது. ஆனால் மேஜர் லீக் கணக்கப்பிள்ளைகளின் கண்ணுக்கு அது தெரியவில்லை. அவர்களுக்குக் கறுப்பு மையில் எழுதினால்தான் எண் தெரியும். கறுப்பு மனிதன் அடித்தால் தெரியாது. 2020 டிசம்பரில், கறுப்பர்கள் தனியே ஆடிய நீக்ரோ லீகுகளும் மேஜர் லீகுகள்தான் என்று அறிவித்தபோது (அந்த எண்கள் ஏட்டில் ஏற 2024 ஆனது), வரலாற்றில் நெடுநாளாக நேர்ந்துவிட்ட ஒரு கவனப்பிசகைத் திருத்துவதாகச் சொன்னார்கள். அடடா, பிசகு! மூக்குக்கண்ணாடியை எங்கேயோ வைத்துவிட்டு முக்கால் நூற்றாண்டு தேடியிருக்கிறார்கள், பாவம்.

இந்தப் பிசகு எப்படி நேர்ந்தது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1883-இல் சிகாகோ அணியின் கேப்டன் கேப் ஆன்சன், டொலிடோ அணியில் மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர் என்ற கறுப்பர் இருப்பதைப் பார்த்து, களத்தில் இறங்கமாட்டேன் என்று குதித்தார். இறங்காவிட்டால் டிக்கெட் வசூலில் பங்கு கிடையாது என்றதும் இறங்கினார். கொள்கை எவ்வளவு உறுதியானது என்பது அன்றே விலைச்சீட்டோடு தெரிந்துபோயிற்று. 1887 ஜூலை 14-இல் ஆன்சனின் அணி இன்னொரு கறுப்பர் பந்துவீசும் ஆட்டத்தில் அதே பிடிவாதம் பிடித்தது. அன்றைக்கே இன்டர்நேஷனல் லீகின் நிர்வாகிகள் கூடி, கறுப்பர்களோடு இனிப் புது ஒப்பந்தம் கிடையாது என்று கைதூக்கினார்கள். அதே 1887-இல்தான் பேஸ்பாலில் இன்னொரு வேடிக்கையும் நடந்தது. பந்தை அடிக்காமல், வீச்சாளர் பலமுறை தப்பாக வீசியதால் சும்மா முதல் பேஸுக்கு நடந்து போனாலும் ஹிட் என்று எழுதினார்கள். நடந்தவனுக்கு ஹிட், அடிக்கக்கூடியவனுக்குக் கதவடைப்பு. ஆன்சன் 1939 முதல் கூப்பர்ஸ்டவுன் புகழ் மண்டபத்தில் வெண்கலத் தகடாக விளங்குகிறார்.

அப்புறம் சட்டமே தேவைப்படவில்லை. 1920 முதல் 1944-இல் சாகும்வரை பேஸ்பால் கமிஷனராக இருந்த நீதிபதி கெனசா மவுண்டன் லாண்டிஸ், கறுப்பர்களைச் சேர்க்கக்கூடாது என்று எந்த விதியும் இல்லை என்று 1942-இல் வாய் கூசாமல் அறிக்கை விட்டார். உண்மைதான், எழுதப்பட்ட விதி இல்லை. எல்லாவற்றையும் எழுதிவைக்கும் விளையாட்டு இது. ஒவ்வொரு பந்துக்கும் பதிவுண்டு. இதை மட்டும் எழுதவில்லை. அந்தக் கைத்திறனுக்காகத்தானோ என்னவோ, ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் விருதுப் பட்டயத்தில் 2020 வரை அவர் பெயரைப் பொறித்துக் கொடுத்தார்கள். கறுப்பு ஆட்டக்காரர்களும் அந்தப் பெயரைத்தான் வீட்டில் மாட்டிக்கொண்டார்கள்.

கதவு ஆட்டக்காரனுக்குத்தான் மூடியிருந்தது, அவன் சம்பாதித்த காசுக்கு இல்லை. வாஷிங்டன் செனட்டர்ஸ் அணியின் முதலாளி கிளார்க் கிரிஃபித், தன் மைதானத்தைக் கிப்சனின் ஹோம்ஸ்டெட் கிரேஸ் அணிக்கு வாடகைக்கு விட்டிருந்தார். செனட்டர்ஸ் ஊருக்குப் போனால் கிரேஸ் ஆடும், கூட்டம் அள்ளும், முதலாளி கல்லாவை எண்ணுவார். ஒருநாள் கிப்சனையும் அவருடைய அணித்தோழர் பக் லியோனார்டையும் தன் அறைக்குக் கூப்பிட்டனுப்பினார். இதை லியோனார்டே பின்னாளில் சொல்லியிருக்கிறார். மேஜர் லீகில் ஆட ஆசையா என்று கேட்டாராம். ஆசைதான் என்றார்களாம் இருவரும். உங்களைப் போன்ற நல்ல ஆட்டக்காரர்களை நாங்கள் எடுத்துக்கொண்டால் உங்கள் லீக் சிதறிப்போகுமே என்று கவலைப்பட்டாராம் முதலாளி. பிறகு பேச்சுமூச்சில்லை. குடியிருப்பவர் சொந்த வீடு கட்டிப் போய்விட்டால் வாடகை போய்விடுமே என்ற அக்கறைக்கு இப்படியும் ஒரு கனிவான முகம் உண்டு. கிப்சன் 1947 ஜனவரி 20-இல், 35 வயதில் செத்தார். மூன்று மாதம்கூட ஆகவில்லை, ஏப்ரல் 15-இல் ஜாக்கி ராபின்சன் என்ற கறுப்பர் புரூக்ளின் அணிக்காக மேஜர் லீகில் இறங்கினார்.

அந்த ராபின்சனை எடுத்த புண்ணியவான் பிராஞ்ச் ரிக்கியைப் பற்றிப் படமெல்லாம் வந்திருக்கிறது. கான்சஸ் சிட்டி மோனார்க்ஸ் அணியிலிருந்து ராபின்சனைக் கொண்டுபோனவர் அந்த அணிக்கு ஒரு டாலர் கொடுக்கவில்லை. நீக்ரோ லீக் என்பது லீகே அல்ல, மோசடிக் கும்பல் என்றார். நியூவர்க் ஈகிள்ஸ் அணியை நடத்திய எஃபா மேன்லியிடமிருந்து டான் நியூகோம்பைக் கொண்டுபோனபோதும் வெறுங்கைதான். அதாவது நஷ்டஈடு கொடுக்க வேண்டியபோது அது லீக் இல்லை. விழா எடுத்து விளம்பரம் தேட வேண்டியபோது அது மேஜர் லீக்.

1969-இல் எவை எவை மேஜர் லீக் என்று தீர்மானிக்க ஒரு குழு போட்டார்கள். வெள்ளையர் மட்டும் இருந்த குழு. ஆறு லீகுகளை அங்கீகரித்தது. அவற்றில் ஒன்று யூனியன் அசோசியேஷன். 1884-இல் ஒரே ஒரு சீசன் நடந்து இழுத்து மூடியது. அதைத் தொடங்கியவரே செயின்ட் லூயிஸ் அணியின் முதலாளி; நல்ல ஆட்டக்காரர்களையெல்லாம் தன் அணிக்கே வாரிக்கொண்டு 94 வெற்றி, 19 தோல்வி என்று கோப்பையைத் தனக்குத் தானே வழங்கிக்கொண்டார். வில்மிங்டன் என்றோர் அணி இடையில் வந்து 18 ஆட்டம் ஆடி, இரண்டில் ஜெயித்து, கடையைக் கட்டியது. இந்தக் கூத்து மேஜர் லீக். கிப்சனும் சாட்செல் பேஜும் கூல் பாப்பா பெல்லும் ஆடிய லீகுகளைச் சேர்க்கலாமா என்று குழு விவாதித்து நிராகரித்திருந்தால்கூட அதற்கொரு மரியாதை உண்டு. விவாதத்துக்கே எடுக்கவில்லை.

இனி, 2024-இல் கிளம்பிய தூய்மைவாதிகளுக்கு வருவோம். நீக்ரோ லீக் பதிவேடுகள் நம்பத்தகுந்தவையா என்று அவர்களுக்கு ஒரே கவலை. ஆகட்டும், அவர்களுடைய புனிதப் பேரேட்டையே திறந்து பார்ப்போம்.

1910-இல் சால்மர்ஸ் மோட்டார் கம்பெனி, சராசரியில் முதலில் வருபவருக்கு ஒரு கார் என்று அறிவித்தது. டை காப்புக்கும் கிளீவ்லாந்தின் நாப் லாஜோய்க்கும் போட்டி. கார் கைக்கு வந்துவிட்டது என்று கடைசி இரண்டு ஆட்டத்தில் காப் மட்டையே தொடாமல் ஒதுங்கிக்கொண்டார். கடைசி நாளில் லாஜோய் செயின்ட் லூயிஸில் ஆடினார். காப்பைக் கண்டால் ஆகாத செயின்ட் லூயிஸ் மேனேஜர், மூன்றாம் பேஸில் நிற்க வேண்டிய பையனைப் புல்வெளி விளிம்புவரை பின்னே தள்ளி நிறுத்தினார். லாஜோய் பந்தை மெல்லத் தட்டித் தட்டி ஓடினார். அன்று மட்டும் 8 ஹிட், பெரும்பாலும் இந்தத் தட்டல்தான். போதாதென்று அந்த அணியின் பயிற்சியாளர், இன்னும் ஒரு ஹிட் எழுதிக் கொடுத்தால் புதுத் துணி வாங்கித் தருவதாக ஸ்கோர் எழுதுபவருக்கு ஆசைகாட்டினார். விஷயம் நாறியது. லீக் தலைவர் விசாரித்து, காப்தான் முதல்வர் என்று தீர்ப்பளித்தார். கார் கம்பெனி இருவருக்கும் ஒவ்வொரு கார் கொடுத்து விளம்பரத்தை இரட்டிப்பாக்கிக்கொண்டது.

இதோடு முடியவில்லை. காப் இரண்டு ஹிட் அடித்த ஓர் ஆட்டத்தைக் கணக்கில் இரண்டு தடவை ஏற்றியிருக்கிறார்கள் என்று 1981-இல் அச்சில் வந்தது. திருத்தினால் 1910-இன் பட்டம் லாஜோய்க்குப் போகும். காப்பின் வாழ்நாள் சராசரியும் .366 ஆகும். கமிஷனர் போவி கூன் மறுத்துவிட்டார். இல்லாத இரண்டு ஹிட்டையும் சேர்த்து 4,191 என்றே அதிகாரபூர்வக் கணக்கு இன்றும் நிற்கிறது. ஆக, கிப்சன் தாண்டியது .367-ஐ, அதில் ஒரு புள்ளி போலி. வெள்ளையர் அடிக்காத ஹிட்டைத் தெரிந்தே வைத்துக்கொள்ளும் பேரேடு, கறுப்பர் அடித்த ஹிட்டுக்கு அத்தாட்சி கேட்கிறது.

அடுத்த முணுமுணுப்பு: அவர்களுடைய சீசன் சின்னதாம். சின்னதுதான். லீக் ஆட்டத்து வருமானம் வயிற்றுக்குப் போதாமல், பஸ்ஸில் ஊர் ஊராகப் போய்க் கிடைத்த அணியோடெல்லாம் ஆடினார்கள். மைதானமோ வெள்ளை அணி ஊரில் இல்லாத நாளில்தான் கிடைக்கும். அதனால் லீக் ஆட்டங்கள் குறைந்தன. கொரோனா ஆண்டான 2020-இல் மேஜர் லீக் மொத்தமே 60 ஆட்டந்தான் நடத்தியது. அதில் கிடைத்த பட்டங்களும் சராசரிகளும் எந்தக் குறிப்பும் இல்லாமல் ஏட்டில் ஏறிவிட்டன. 60 ஆட்டம் சீசனாகாது என்று அன்று எந்தத் தூய்மைவாதியும் மீசை முறுக்கவில்லை.

குறிப்பு என்றதும் ஃபோர்ட் ஃப்ரிக் நினைவுக்கு வருகிறார். 1961-இல் ராஜர் மாரிஸ் 61 ஹோம் ரன் அடித்து பேப் ரூத்தின் 60-ஐத் தாண்டப்போகிறார் என்றதும் கமிஷனர் ஃப்ரிக் பதறினார். ரூத் ஆடியது 154 ஆட்ட சீசன், இது 162. ஆகவே தனியாகக் குறிக்கவேண்டும் என்றார். ஃப்ரிக் ஒருகாலத்தில் ரூத்தின் பெயரில் கட்டுரை எழுதிக்கொடுத்தவர் என்பது சும்மா ஒரு தகவல். எட்டு ஆட்டத்துக்கு இவ்வளவு துல்லியம்! ஒரு கறுப்புப் பந்துவீச்சாளரையும் லீகில் சந்திக்காமலே ரூத் 714 அடித்தாரே, அதற்கு எந்தக் குறியைப் போடுவது என்று யாரும் கேட்கவில்லை. காப்பின் ஒவ்வொரு ஹிட்டும் அப்படித்தான்.

இந்த எண்கள் 2024-இல் எங்கிருந்து வந்தன? மேஜர் லீக் அலுவலகத்தின் பீரோவிலிருந்து அல்ல. பிட்ஸ்பர்க் கூரியர், சிகாகோ டிஃபெண்டர் போன்ற கறுப்பர் பத்திரிகைகளின் மைக்ரோஃபிலிமைக் கண் எரிய எரிய ஓட்டி, ஒவ்வொரு ஆட்டத்தின் ஸ்கோரையும் தேடி எழுதியவர்கள் ஆய்வாளர்கள். பலர் சொந்த நேரத்தில் செய்தார்கள். அத்தனை பாடுபட்டும் 1920 முதல் 1948 வரையுள்ளதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான் மீண்டிருக்கிறது. கிப்சனின் புகழ் மண்டபத் தகட்டில் ஏறக்குறைய 800 ஹோம் ரன் என்று பொறித்திருக்கிறார்கள். அதிகாரபூர்வக் கணக்கு 200-ஐக்கூடத் தொடவில்லை. மீதியைப் பார்த்தவர்கள் செத்துவிட்டார்கள். அந்தத் தகடும் 1972-இல் வந்தது. அதற்கு முந்தைய வருஷம் சாட்செல் பேஜைச் சேர்த்தபோது, நீக்ரோ லீக்காரர்களுக்கு மண்டபத்தில் தனிப் பகுதி என்று அறிவித்து, ஊர் காறித்துப்பிய பிறகுதான் பின்வாங்கினார்கள். கிப்சனின் பிட்ஸ்பர்க் கல்லறையிலோ 1975 வரை பெயர் சொல்ல ஒரு கல் கிடையாது.

ஆனால் விழாக்களில் குறை சொல்ல முடியாது. ஒவ்வோர் ஏப்ரல் 15-ஆம் தேதியும் எல்லா அணியின் எல்லா ஆட்டக்காரரும் ராபின்சனின் 42-ஆம் எண்ணை முதுகில் போட்டுக்கொண்டு ஆடுகிறார்கள். 2022 உலகத் தொடரில் ஆடிய இரண்டு அணிப் பட்டியலிலும் அமெரிக்காவில் பிறந்த கறுப்பர் ஒருவர்கூட இல்லை; 1950-க்குப் பிறகு அதுதான் முதல்முறை. 2025 மார்ச்சில், வாஷிங்டனில் காற்று மாறியதும், மேஜர் லீக் தன் வேலைவாய்ப்புப் பக்கத்திலிருந்து பன்முகத்தன்மை பற்றிய பேச்சைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டது. அடுத்த மாதம் 15-ஆம் தேதி எல்லோருக்கும் 42-ஆம் எண் சட்டை தயாராக இருந்தது.