மலைநாட்டாருக்கு ஒரு பாய்மரப் படகு: தேர்ந்தெடுக்கும் முறை

படகு வாங்கும் ஆசை வந்துவிட்டால் கடல் எங்கே இருக்கிறது என்று மட்டும் பார்க்காதீர்கள். பார்த்தால் ஆசை போய்விடும். கேரளத்தின் 14 மாவட்டங்களில் 9-க்குக் கடற்கரை உண்டு. இடுக்கியும் பாலக்காடும் அந்த ஒன்பதில் இல்லை. குமுளிக்காரருக்கும் கொழிஞ்சாம்பாறைக்காரருக்கும் கடல் என்றால் ஐஸ் பெட்டியில் ஏறி வரும் மத்திதான். அதனால் என்ன? படகு ஓட்டத்தான் தண்ணீர் வேண்டும். இரண்டு படகை ஒப்பிட்டுப் பேச டீக்கடை பெஞ்சு போதும்.

ஒப்பிட எடுக்கும் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்க வேண்டும். வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தால் முதல் டீ ஆறுவதற்குள் பேச்சு முடிந்துவிடும். இந்தியாவில் இந்தக் காரியத்துக்கு மாதேயி, தாரிணி ஜோடியை அடித்துக்கொள்ள ஆளில்லை. இரண்டும் கடற்படையின் பாய்மரப் படகுகள். இரண்டும் 56 அடி. இரண்டுக்கும் வரைபடம் ஹாலந்தின் வான் டி ஸ்டாட் நிறுவனம் போட்ட ‘டோங்கா 56’. இரண்டும் கோவாவில் ரத்னாகர் தண்டேகரின் அக்வேரியஸ் பட்டறையில் உருவானவை. உள்ளே மரம், மேலே ஃபைபர். ஒன்று 2009 பிப்ரவரியில் கடற்படைக்கு வந்தது, இன்னொன்று 2017 பிப்ரவரியில். மாதம்கூட மாறவில்லை! மாதேயி என்பது மாண்டவி ஆற்றின் பெயர். தாரிணி ஒடிசாவின் தாராதாரிணி அம்மன். ஆறா, அம்மனா? முதல் நாள் வாக்குவாதத்துக்கு இதுவே தாராளம்.

இரண்டாம் நாள் கட்சி பிரியுங்கள். மாதேயி கட்சிக்காரர் திலீப் தோண்டேயை எடுத்து வீச வேண்டும். 2009 ஆகஸ்டில் மும்பையிலிருந்து தன்னந்தனியாகக் கிளம்பி, 2010 மே மாதம் உலகைச் சுற்றித் திரும்பிய முதல் இந்தியர். அவர் நான்கு இடங்களில் கரையேறினாரே என்று எதிர்க்கட்சி கிண்டினால், உடனே அபிலாஷ் டோமியை இறக்க வேண்டும். 2012 நவம்பர் 1 அன்று புறப்பட்டு, எந்தத் துறைமுகத்தையும் தொடாமல், 2013 மார்ச் 31-இல் மும்பைக்கு வந்து சேர்ந்தார். அதுவும் இதே மாதேயியில், தனியாக.

தாரிணி கட்சி சும்மா இருக்குமா? வர்திகா ஜோஷி தலைமையில் ஆறு பெண்கள், 2017 செப்டம்பர் முதல் 2018 மே வரை உலகைச் சுற்றினார்கள். வழியில் சுக்கான் பொறி பழுதாகி மொரீஷியஸில் ஒதுங்க நேர்ந்ததை மாதேயி கட்சி கட்டாயம் கிளறும். அப்போது 2024-க்குத் தாவிவிடுங்கள். அந்த ஆண்டு அக்டோபர் 2-இல் தில்னா, ரூபா என்ற இரண்டே பேர் தாரிணியில் கிளம்பி, 2025 மே 29 அன்று கோவா திரும்பினார்கள். தில்னா கோழிக்கோடு, ரூபா புதுச்சேரி. எல்லையோரத்தில் இந்தப் பாயிண்ட் நன்றாக எடுபடும்: மலையாளியும் தமிழச்சியும் எட்டு மாதம் ஒரே படகில், சுற்றிலும் தண்ணீர், தண்ணீரைப் பற்றி ஒரு வழக்குகூட இல்லை.

இந்த இடத்தில் பெஞ்சின் ஓரத்தில் இருக்கும் யாராவது, “அதெல்லாம் ஆளோட கெட்டிக்காரத்தனம்ண்ணே, இதுல படகுக்குப் படகு என்ன வித்தியாசம்?” என்பார். அவரை நாளையிலிருந்து கூப்பிடாதீர்கள். தோண்டேயும் ஜோஷி அணியும் தில்னா, ரூபாவும் நின்று போன ஊர்கள்கூட அதே ஃபிரீமேன்டில், லிட்டில்டன், போர்ட் ஸ்டான்லி, கேப்டவுன்தான் என்று அவர் அடுத்துச் சொல்லிவிடுவார். பிறகு பேச என்ன இருக்கிறது?

தேர்வு முடிந்தால் படகை மேலே ஏற்ற வேண்டும். 56 அடி என்பது 17 மீட்டர். லோயர் கேம்ப்பிலிருந்து குமுளி மலைப்பாதையில் விடிகாலையில் ஏலத்தோட்டத்து ஜீப்புகள் ஆட்களை அடைத்துக்கொண்டு வரிசையாக ஏறும். கொண்டை ஊசியில் உங்கள் ட்ரெய்லர் முன்னும் போகாமல் பின்னும் வராமல் குறுக்கே நின்றால், அந்த ஜீப்புகளிலிருந்து வரும் தமிழை இங்கே அச்சிட முடியாது. 25 மீட்டர் பாய்மரம் வேறு தனியாக வர வேண்டும். போடிமெட்டு வழி இதைவிட மோசம். வாளையார் வழியாகப் பாலக்காட்டுக்குச் சமதரையில் போகலாம், மலம்புழா அணையில் இறக்கலாம். 1955-இல் காமராஜர் திறந்துவைத்த அணை. ஆகவே தமிழர் யாரும் ஆட்சேபிக்க முடியாது. ஒரே சங்கடம், பாயை முழுக்க ஏற்றுவதற்குள் அக்கரை வந்துவிடும்.

தேக்கடி வேண்டாம். ஏரிக்குள் முங்கிப்போன காட்டின் பட்ட மரங்கள் இன்னும் நிற்கின்றன. தண்ணீர் இறங்கினால் கருப்பாகத் தலை தெரியும், ஏறினால் அதுவும் தெரியாது. கடலோடிப் படகின் அடியில் ஆள் உயரத்துக்கு மேல் ஏராக்கட்டை இறங்கியிருக்கும். அது எந்த மரத்தில் போய் உட்காரும் என்று யாருக்குத் தெரியும்? மேலும் 142 அடியா, 152 அடியா என்று உச்ச நீதிமன்றம் வரை போன நீர்மட்டத்தில் உங்கள் படகு மிதந்தால், அது எந்த மாநிலத்துக்குச் சாதகமாக மிதக்கிறது என்று நிச்சயம் கேட்பார்கள்.

காற்றுக்குப் பஞ்சமில்லை. பாலக்காட்டுக் கணவாயில் ஆடி மாதம் வேட்டியைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். ராமக்கல்மேட்டில் காற்றாலைகளே நிற்கின்றன. அங்கே பாய் விரித்தால் படகு பிய்த்துக்கொண்டு போகும், கீழே தேனி மாவட்டத்துக்கு.

கடைசியாக எங்கள் தீர்ப்பு: தாரிணி. எட்டு வயது இளையது, வேறு காரணம் ஒன்றும் அகப்படவில்லை. இரண்டுமே கடற்படையின் சொத்து, விற்பனைக்கு இல்லை. தேக்கடியில் வனத்துறை மூங்கில் தெப்பம் விடுகிறது. துடுப்பு அவர்களே தருவார்கள், பாய் கிடையாது.