நீக்குமுன் கேளுங்கள்

கேள்வி: ‘விஷுவல் சி பிளஸ் பிளஸ் ரீடிஸ்ட்ரிபியூட்டபிள்’ என்று ஏழெட்டு இருந்தன. வீண் என்று அக்கா பையன் எல்லாவற்றையும் அன்இன்ஸ்டால் செய்துவிட்டான். இப்போது போட்டோ சாஃப்ட்வேரைத் திறந்தால் ‘எம்எஸ்விசிபி140.டிஎல்எல் இல்லை’ என்கிறது. (லாஸ்பேட்டை)

பதில்: அக்கா பையன்! இந்தப் பகுதியின் நிரந்தர வில்லன். அவை ஒரே பெயர் கொண்ட வேறு வேறு ஆட்கள். 2010, 2012, 2013 பதிப்புகள் தனித்தனி. ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது. 2015 முதல் வந்தவை மட்டும் ஒரே தொகுப்பு. நீங்கள் தேடும் 140 அதில்தான் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து எக்ஸ்86, எக்ஸ்64 இரண்டையும் இறக்கிப் போட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். டிஎல்எல்லை மட்டும் தனியாகத் தரும் ஊர்பேர் தெரியாத தளங்கள் பக்கம் போகாதீர்கள். வைரஸுக்கும் வழிச்செலவு கொடுத்து அழைத்த மாதிரி ஆகும்.

கேள்வி: கம்ப்யூட்டர் வாங்க நல்ல நாள் எது? (வில்லியனூர்)

பதில்: கையில் பணம் இருக்கும் நாள்.

கேள்வி: அன்இன்ஸ்டால் செய்த பிறகும் ஃபோல்டர்கள் அப்படியே கிடக்கின்றனவே, ஏன்? (நெல்லித்தோப்பு)

பதில்: புதுச்சேரியில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா? பிரெஞ்சு ஆட்சியை நீக்க 1954 நவம்பர் 1-இல் பட்டனை அழுத்தினோம். ‘முடிந்தது’ என்று வந்தது 1962 ஆகஸ்ட் 16-இல். ஏறக்குறைய எட்டு வருஷம்! அதன் பிறகும் போலீஸ்காரர் தலையில் சிவப்புத் தொப்பி, சுவரில் துய்மா வீதி. அன்இன்ஸ்டாலரும் தான் கொண்டுவந்து வைத்ததைத்தான் எடுத்துக்கொண்டு போகும். நீங்கள் பிற்பாடு மாற்றிய செட்டிங்குகளும் சேமித்த கோப்புகளும் தங்கிவிடும். பார்த்து, தேவையில்லை என்றால் அழியுங்கள். ரெஜிஸ்ட்ரியில் மட்டும் கை வைக்காதீர்கள்.

கேள்வி: ரெஜிஸ்ட்ரி கிளீனர் போடச் சொல்கிறான் என் அக்கா பையன். (அரியாங்குப்பம்)

பதில்: தாராளமாகப் போடட்டும், அவன் கம்ப்யூட்டரில்.

கேள்வி: மறைந்த அப்பா தமிழில் டைப் செய்த கட்டுரைகள். பழைய எழுத்துருவை நீக்கியதிலிருந்து ஒரே கிறுக்கலாகத் தெரிகின்றன. போய்விட்டனவா? (முத்தியால்பேட்டை)

பதில்: இல்லை அம்மா, ஓர் எழுத்துகூடப் போகவில்லை. அந்தக் கால எழுத்துருக்கள் ஆங்கில, ஐரோப்பிய எழுத்துகளுக்கு உரிய இடங்களில் தமிழ் உருவங்களை வைத்திருந்தன. எழுத்துரு போனதும் அடியில் இருந்தவை வெளியே தெரிகின்றன, அவ்வளவுதான். முதலில் கோப்புகளை ஒரு பென்டிரைவில் நகலெடுங்கள். அதே எழுத்துருவைத் தேடி மறுபடி போட்டால் அப்பாவின் தமிழ் திரும்பிவிடும். பிறகு அது பாமினியா, டிஸ்கியா, டேபா என்று பார்த்து, அதற்கேற்ற மாற்றியால் யூனிகோடுக்குக் கொண்டுவாருங்கள். மாற்றியதை மூலத்தோடு வரி வரியாக ஒப்பிடுங்கள். இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள், அச்சிட்டு ஒரு பிரதியும் எடுத்துவிடுங்கள்.