உறை போட்ட வீடு

எங்கள் வீட்டில் கேஸ் சிலிண்டரும் என் மாமியாரும் ஒரே டிசைன். நீலத்தில் வெள்ளைப் பூ. அவருக்கு அது நைட்டி, சிலிண்டருக்கு உறை. கண்ணாடியை மறந்துவிட்டு வந்த என் சித்தப்பா ஒருநாள் அடுப்படி வாசலில் நின்று, சிலிண்டரிடம் முழங்கால் வலி தேவலையா என்று விசாரித்தார். பதில் வராததால் கோபித்துக்கொண்டு காபி குடிக்காமலே போய்விட்டார்.

எல்லாவற்றுக்கும் மூலம் தளவாய்புரம். இராஜபாளையத்துக்குப் பக்கத்தில் தளவாய்புரம், செட்டியார்பட்டி, முகவூர் வட்டாரமே நைட்டி தைத்துப் பிழைக்கிற பூமி. எந்த ஊரில் எந்தப் பெண் நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு தண்ணீர் லாரிக்கு ஓடினாலும், அந்த நைட்டி எங்கள் பக்கத்து மிஷினில் ஏறி இறங்கியதாக இருக்கலாம். துணியை அடுக்கடுக்காக விரித்து, மேலே கோடு போட்டு, கட்டிங் மிஷினை ஓட்டினால் ஒரே ஓட்டத்தில் அத்தனை நைட்டிகளும் வெட்டுப்பட்டுவிடும். கழுத்திலும் கைக்குழியிலும் வெட்டிய துண்டுகள் பிறைபிறையாக உதிரும். அந்தப் பிறைகளை மூட்டை கட்டி எங்களுக்கு அனுப்பிவைக்கிற புண்ணியவதி, அங்கே தைக்கிற என் மனைவியின் மதினி.

பிறைத் துண்டில் நேர்கோடு கிடையாது. சதுரமாக்கலாம் என்றால் பாதித் துணி வீணாகும். பாதியை விட்டுக்கொடுக்கிற பரம்பரை இல்லை என் மனைவி. வளைவோடு வளைவை ஒட்டி ஓட்டி, கால்மிதி, பிடிதுணி, தலையணை உறை என்று இறக்கிக்கொண்டே இருப்பாள். கிரைண்டருக்கு உறை, மிக்ஸிக்கு உறை, பிரிட்ஜ் கைப்பிடிக்கு உறை. டிவி ரிமோட்டுக்கும் ஒன்று உண்டு, பட்டனைத் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். உறை இல்லாமல் எஞ்சியிருப்பது நானும் மாடிப்படியும்தான்.

இன்னொரு பக்கம் சத்திரப்பட்டி. அங்கே விசைத்தறிகளில் ஓடுவது பேண்டேஜ் துணி. பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936இல் இராஜபாளையம் மில்லை ஆரம்பித்தார். 1939இல் ராமராஜு சர்ஜிகல் காட்டன் மில்லும் வந்தது. அதிலிருந்து ஊரார் காயத்துக்கெல்லாம் கட்டுத்துணி கொடுக்கிற ஊர் எங்களுடையது. எங்கள் வீட்டிலோ காயத்தைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் அந்தத் துணி உண்டு. தயிரைக் கட்டித் தொங்கவிட, வற்றலை மூட, டிகாக்‌ஷன் வடிகட்ட, ஜன்னலில் கொசு வராமல் அடிக்க. காய் நறுக்கும்போது என் விரல் கிழிந்ததற்கு வீடு முழுக்கத் தேடினோம், ஒரு துண்டுகூட சும்மா இல்லை, எல்லாம் வேலையில் இருந்தன. கடைசியில் நான் மெடிக்கல் ஷாப்புக்குப் போய்ப் பேண்டேஜ் வாங்கினேன். கடைக்காரர் என் முகவரியைக் கேட்டுவிட்டு ஒருமாதிரி பார்த்தார்.

பருத்தி நாரின்மேல் இயற்கையாகவே மெழுகு படிந்திருக்கும். அதனால் தறியிலிருந்து இறங்கிய காடாத்துணி தண்ணீரைக் குடிக்காது. காஸ்டிக் சோடாவில் வேகவைத்து வெளுத்த பிறகுதான் மெழுகு போய் உறிஞ்ச ஆரம்பிக்கும். உறிஞ்சுகிற துணி என்றால் இட்லிக்கு நல்லதுதானே என்று என் மனைவி அதில் இட்லித்துணி தைத்தாள். காயத்துக்குக் காற்று போகட்டும் என்று கண்ணி விட்டு நெய்கிற துணி அது. மாவு கண்ணிவழியே கீழே இறங்கிவிட்டது. துணிக்கு மேலே இட்லி, கீழே இடியாப்பம். ஒரே வேகலில் இரண்டு பலகாரம் என்று மாமியார் மட்டும் மெச்சிக்கொண்டார்.

மாமனாருக்கு மரவேலை. மேற்கே மலையடிவாரத்தில் மாந்தோப்புகள் இருப்பதால் சப்பட்டை மாம்பழ சீசன் முடிந்ததும் பழப்பெட்டிப் பலகைகள் சும்மா கிடைக்கும். ரிட்டயர் ஆன மனிதருக்குப் பக்கத்தில் சும்மா கிடைக்கிற பலகை இருப்பது குடும்பத்துக்கு நல்லதல்ல. கைக்குள் அடங்கும் இராஜபாளையம் நாய்க்குட்டி ஒன்று வீட்டுக்கு வந்திருந்தது. அதை அளவெடுத்துக் கூடு கட்டத் தொடங்கினார். மாமா பொறுமைசாலி, ஒரு பலகையை இழைத்தால் அடுத்ததை இழைக்குமுன் பேப்பர் படிப்பார். நாய் அப்படியெல்லாம் காத்திருக்கவில்லை. இந்தச் சாதி நாய் வளர்ந்து நின்றால் தோளுயரமே இரண்டடியைத் தாண்டும். 2005இல் இந்திய அஞ்சல் துறை இதற்குத் தபால்தலை வெளியிட்டது. மாமா கட்டி முடித்த கூட்டுக்குள் நுழையக்கூடியது அந்தத் தபால்தலை நாய் மட்டுமே. இப்போது அதில் வெங்காயம் குடியிருக்கிறது, நாய் வாசலில் படுத்துக் காவல் காக்கிறது.

மகள் ஓவியக்காரி. பாட்டியின் சுளகில் வண்ணம் தீட்டி, இடக்கையில் கிளியோடு ஆண்டாளை வரைந்தாள். அழகாகத்தான் வந்திருந்தது. ஆனால் ஆண்டாள் முகத்தில் உளுந்தைப் போட்டுப் புடைக்க யாருக்கு மனசு வரும்? மாமியார் புதுச் சுளகு வாங்கினார். வாங்கிய அன்றே மகள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இதுல ரங்கமன்னாரை வரையவா ஆச்சி? ஜோடியா இருக்கும்" என்றாள். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கருவறையில் கூடவே கருடாழ்வாரும் இருக்கிறார் என்பது நினைவுக்கு வந்ததும் ஆச்சி மூன்றாவது சுளகை வாங்கிக் கட்டிலுக்கடியில் ஒளித்துவைத்தார்.

கடையில் வாங்கியதைத் தூக்கிப் போடலாம், யாரும் கேட்க மாட்டார்கள். வீட்டு ஆள் கையால் செய்ததைத் தொட்டுப் பாருங்கள்! "அது நான் தைச்சதாச்சே" என்று ஒரு குரல் வரும். அப்புறம் அந்தப் பொருளுக்குச் சாவு கிடையாது.

இந்தச் சிக்கலுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோயிலில் எப்போதோ தீர்வு கண்டுவிட்டார்கள். ஆண்டாள் கையிலிருக்கும் கிளியைத் தினமும் புதிதாகச் செய்கிறார்கள். மாதுளம்பூவில் மூக்கு, பச்சை இலைகளில் உடம்பும் சிறகும், மூங்கில் குச்சியில் கால், கட்ட வாழைநார். ஒரு கிளிக்கு ஏறத்தாழ நான்கரை மணி நேரம் பிடிக்கிறது. இவ்வளவு பாடுபட்டுச் செய்ததை மறுநாளே பிரசாதமாகக் கொடுத்துவிடுகிறார்கள், கண்ணாடிப் பெட்டியில் பூட்டி வைப்பதில்லை. சூடிய மாலையையும் வைத்துக்கொள்வதில்லை. சித்திரையில் அது மதுரைக்குப் போய்க் கள்ளழகர் கழுத்தில் ஏறுகிறது, புரட்டாசியில் திருப்பதிக்குப் போகிறது. கோயில் என்றால் நிர்வாகம் இப்படி அல்லவா இருக்க வேண்டும்!

நம் வீட்டிலும் இதையே கடைப்பிடிக்கலாமே என்று மனைவியிடம் சொன்னேன்.

"ஏங்க, கோயில்ல குடுத்தா பிரசாதம். நாம குடுத்தா, வீட்டுல கிடந்ததைத் தள்ளிவிட்டுட்டாங்கன்னு தெருவே பேசும்."

பேசினால் பேசட்டும் என்று, மாமா தூங்குகிற நேரம் பார்த்து வெங்காயத்தைக் காலி செய்து, கூட்டைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். மனிதர் அவ்வளவு சந்தோஷமாக வாங்கிக்கொண்டார். எனக்கே கொஞ்சம் சந்தேகம் வந்தது. சாயங்காலம் அவருடைய சின்ன மகள் தேங்காய்ச் சிரட்டையில் செய்த ஒரு குரங்கைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"அப்பா செஞ்சது மாமா. உங்களுக்குக் குடுத்துட்டு வரச் சொன்னாங்க. இன்னும் ஒரு சாக்கு இருக்கு, வண்டி வச்சு அனுப்பட்டுமான்னு கேட்டாங்க."