சேவ் ஆகலைண்ணே

பிளெக்ஸ் கடை டிசைனர் அண்ணனுக்கு முகம் என்று ஒன்று இருப்பதை நான் மூன்றாவது வருடம்தான் கண்டேன். அதுவரை பிடரிதான் பழக்கம். மதுரையில் ஒரு விசேஷம் என்றால் மண்டபம் பிடித்த கையோடு இவர் முதுகுக்குப் பின்னால் பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட வேண்டும். நாம் அவர் பிடரியிடம் பேசுவோம். அவர் மானிட்டரிடம் பேசுவார். "மாமாவக் கொஞ்சம் அங்கிட்டு நகத்துங்க" என்றால் மாமா நகர்வார். நிஜத்தில் எதற்கும் நகராத மாமா.

போனில் எப்போது கூப்பிட்டாலும் ஒரே பதில்: "வேலை முடிஞ்சிருச்சுண்ணே, சேவ் ஆகலை." தையல்காரருக்குக் காஜா எடுக்கிற பையன், ஆசாரிக்கு மெருகு, இவருக்கு சேவ். பேனரில் கையே வைத்திருக்க மாட்டார். அப்போதும் சேவ் ஆகாது. இதில் விபரீதம் என்னவென்றால், சில நாள் அது உண்மையாகவும் இருந்துவிடும். அன்றைக்கு அவர் படுகிற பாட்டை ஒரு பயலும் நம்புவதில்லை.

போட்டோஷாப் தன் சங்கடத்தை இங்கிலீஷில் ஒரு சின்னப் பெட்டி போட்டுச் சொல்லும். ஃபைல் பூட்டியிருக்கிறது, டிஸ்க் நிறைந்துவிட்டது, ஏதோ புரோகிராம் கோளாறு என்று நாளுக்கொரு புகார். அண்ணன் அதில் வாசிக்கிற ஒரே சொல் 'ஓகே'. பெட்டி எழுந்து நிற்பதற்குள் எண்டர் விழுந்துவிடும்.

"என்னண்ணே போட்டிருந்துச்சு?"

"சேவ் ஆகலையாம்."

சேவ் கொடுக்கும்போது 'மேக்சிமைஸ் கம்பேட்டிபிலிட்டி' என்றொரு பெட்டி வரும். அதற்கு ஓகே சொன்னால், லேயரெல்லாம் ஒன்றான முழுப்படம் ஒன்றும் ஃபைலுக்குள் சேர்ந்துகொள்ளும், ஃபைல் பருக்கும். இதை அவரிடம் நான் ஒருமுறை விளக்கினேன். பிடரி அசையவில்லை. "அது கேக்கும், நாம ஓகேன்னு சொல்லணும். கல்யாண வீட்ல சாப்டீங்களான்னு கேக்குறாங்கள்ல, அது மாதிரிண்ணே."

அதற்காக அவரைப் போலி வைத்தியர் என்று தள்ளிவிட முடியாது. சொல்லுகிற காரணம் தப்பு. கொடுக்கிற மருந்து கேட்கும். ஒரு ஃபைல் என்ன செய்தும் சேவ் ஆகவில்லையென்றால் அதே அளவில் புதுத் தாள் ஒன்றைத் திறந்து, எல்லா லேயரையும் ஒன்றாகப் பிடித்து இழுத்து அதில் குடியேற்றுவார். "வீடு மாத்துனா தோஷம் போயிரும்." போயும்விடும். கெட்டுப்போன சமாசாரம் பழைய ஃபைலோடு நின்றுவிடுகிறது, அவ்வளவுதான். மெமரி திணறினால் எடிட் மெனுவில் 'பர்ஜ்'. இதற்கு அவர் வைத்திருக்கும் பெயர் பேதி மருந்து. ஹிஸ்டரி, கிளிப்போர்டு எல்லாம் வெளியேறி உடம்பு லேசாகும். ஆனால் செய்ததைத் திருப்பிக்கொள்ள வழியிருக்காது. இரண்டுக்கும் கேட்காத நோய்க்கு, சாஃப்ட்வேரை மூடித் திறக்கும்போது கண்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் மூன்றையும் நாடி பிடிப்பதுபோல் மூன்று விரலால் அழுத்திக்கொண்டிருப்பார். செட்டிங் மொத்தமும் அழிந்து பிறந்த மேனிக்கு எழும். கடையில் அதற்கு மொட்டை போடுவது என்று பெயர்.

வாடிக்கையாளர்களால் வருகிற நோய் தனி. ஒருவர் பென் டிரைவில் போட்டோ கொண்டு வருவார். அண்ணன் அதை அங்கிருந்தே திறந்து, மூக்கை மெலிதாக்கி, தலையில் முடி வைத்து, இரண்டு மணி நேரம் உழைப்பார். வந்தவர் டீ குடிக்கப் போகும்போது பென் டிரைவைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார். கண்ட்ரோல் எஸ் அடித்தால் ஃபைலுக்குச் சொந்த ஊரே இல்லை. 'சேவ் அஸ்' கொடுத்து வேறிடத்தில் வைத்தால் தீர்ந்தது. அண்ணன் பெட்டியை வாசிக்காதவராயிற்றே. பையனை டீக்கடைக்கு ஓடவிடுவார்.

பெயர் வைப்பதிலும் அவருக்கென்று ஒரு மரபு உண்டு. ஃபைனல். ஃபைனல் 2. ஃபைனல் ஓகே. ஃபைனல் மாமா ஓகே. ஃபைனல் மாமா ஓகே அத்தை கரெக்சன். நடுவில் ஒருநாள் விசேஷத் தேதியை 12/6 என்று சாய்கோடு போட்டுச் சேர்த்திருக்கிறார். விண்டோஸுக்குச் சாய்கோடு என்றால் ஃபோல்டர் பிரிக்கிற கோடு, பெயருக்குள் விடாது. புள்ளி வைத்ததும் சேவ் ஆனது. அன்று முதல் கடையில் சாய்கோடு ராசியில்லாத எழுத்து. நோட்டுப் புத்தகத்தில் கணக்கு எழுதும்போதுகூடப் போடுவதில்லை.

மூலையில் ஒரு பழைய கம்ப்யூட்டரில் இன்னும் போட்டோஷாப் 7.0 ஓடுகிறது. 2002-இல் வந்தது. அது அவருக்குக் கல்யாணமாகிற காலத்து நண்பன் மாதிரி. வேலை பார்க்கிற கம்ப்யூட்டரில் புதிய பதிப்பு ஏற்றியபோது ஒருநாள் 'சேவ் அஸ்' பட்டியலில் ஜேபெக்கைக் காணவில்லை. "யாரோ தூக்கிட்டாய்ங்க" என்று கடையே துக்கம் காத்தது. 2021-இல் வந்த மாற்றம். லேயர் உள்ள படத்துக்கு ஜேபெக் வேண்டுமென்றால் 'சேவ் எ காப்பி'யில் போய்ப் பார்க்க வேண்டும். பழையபடி ஆக்கிக்கொள்ளவும் செட்டிங்கில் ஒரு டிக் கொடுத்தார்கள். அதைக் கண்டுபிடித்தவன் சென்னையில் மல்டிமீடியா படித்துவிட்டு வேலைக்கு வந்த பையன். அந்த ஒரு டிக்கில் அவன் மதிப்பு ஏறியது. ஏறின வேகத்தில் இறங்கவும் செய்தது.

படித்த இடத்தில் அவனுக்கு ரெசல்யூஷன் இஞ்சுக்கு 300 பிக்சல் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். புத்தகத்துக்கு அது சரி. இவன் 20 அடிக்கு 10 அடி பேனரை 300-இல் திறந்துவிட்டான். அகலம் 72,000 பிக்சல், உயரம் 36,000. அச்சுக்கான நாலு வண்ணத்துக்கும் கணக்குப் போட்டால், ஒரு மாமன் தலைகூட விழாத வெற்றுத் தாளுக்கே சுமார் 1,037 கோடி பைட். சாதாரண பிஎஸ்டி ஃபைல் ஒரு பக்கத்துக்கு 30,000 பிக்சல் வரைதான் தாங்கும், எடை 2 ஜிபி வரைதான். பிஎஸ்பி என்று பெரியண்ணன் ஒருவர் உண்டு, 3,00,000 பிக்சல் வரை சுமப்பார். அவரைக் கடையில் யாருக்கும் அறிமுகமில்லை. ராத்திரி முழுக்க வேலை பார்த்துவிட்டு விடியற்காலையில் சேவ் கொடுத்தான் பையன். அண்ணன் வந்து பார்த்து ஒரே வார்த்தைதான் சொன்னார்: "ரோட்டுக்கு அங்கிட்டு நின்னு பாக்குறவனுக்கு எதுக்குடா மாமா மீசைல ஒவ்வொரு முடியும்? 72 போடு." 72-இல் அதே பேனர் 60 கோடி பைட்டுக்குள் அடங்கியது. 7.0-ஆக இருந்தால் 30,000-க்கு மேல் தாளையே திறக்க விட்டிருக்காது என்பதை அவர் அன்று எல்லோரிடமும் சொன்னார். பெரியவர்கள் இருந்த வீடு என்கிற தோரணையில்.

போன மாதம் என் தங்கை பேரனுக்குக் காதணி விழா. தாய்மாமன் மட்டும் ஐந்து பேர், ஆளுக்கொரு வட்டம், வட்டத்துக்குள் தலை. தலைக்குக் கீழே பெயர், பெயருக்குப் பின்னால் ஒளிவட்டம். சின்ன தாய்மாமன் தலை பெரியவர் தலையைவிட அரை இஞ்ச் பெரிதாகிவிட்டது என்று இரண்டு முறை போன் வந்தது. எல்லாம் சரிக்கட்டி முடிக்கிற நேரத்தில் பெட்டி எழுந்தது. அபூர்வமாக இந்த முறை எண்டர் விழவில்லை. கை டீ கிளாசில் இருந்தது. ஸ்கிராட்ச் டிஸ்க் நிறைந்துவிட்டது என்று நானே வாசித்துச் சொன்னேன். மெமரி போதாதபோது போட்டோஷாப் ஹார்டு டிஸ்கில் தற்காலிகமாக இடம் பிடித்து வேலை செய்யும். நாமாக மாற்றாவிட்டால் அந்த இடம் விண்டோஸ் குடியிருக்கும் சி டிரைவ்தான். அதில் ஒரு ஜிபிகூட மிச்சமில்லை. டி டிரைவும் சிவப்பாகவே நின்றது.

"எதையாச்சும் அழிங்கண்ணே" என்றேன்.

டெஸ்க்டாப்பில் 'தலைகள்' என்று ஒரு ஃபோல்டரைத் திறந்தார். பதினைந்து வருடமாக வெட்டி எடுத்த தலைகள். பின்னணி இல்லாமல், கழுத்தோடு, சுத்தமாக. வார்டு கவுன்சிலர்கள், மாமன்கள், அத்தைகள், ஜல்லிக்கட்டுக் காளைகள். நான் ஒவ்வொன்றாகக் கைகாட்டினேன். "இவரு வேணாம்ணே, மகளுக்கு வைகாசில கல்யாணம்." "இந்தப் பெரியவரு ஆஸ்பத்திரில இருக்காரு. வீட்ல ஒரு நல்ல போட்டோ கிடையாது." கண்ணீர் அஞ்சலி பேனர் ஒரு மணி நேரத்தில் கேட்பார்கள், அழுதுகொண்டிருக்கிற வீட்டில் போட்டோ கேட்டு நிற்க அவருக்கு வராது. ஒரு தலையும் நகரவில்லை.

கடைசியில் பக்கத்திலிருந்த 12 ஜிபி ஃபோல்டர் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். டெலீட் மட்டும் கொடுத்தால் குப்பைத் தொட்டியில் கிடந்து இடத்தை அடைத்துக்கொண்டுதான் இருக்கும் என்பது தெரிந்த மனுஷர். ஷிஃப்ட்டையும் சேர்த்தே அழுத்தினார். நிரந்தரமாக அழிக்கலாமா என்று பெட்டி கேட்டது. வழக்கம்போல் வாசிக்கவில்லை. எண்டர்.

என் பேனர் சேவ் ஆனது.

"அது என்ன ஃபோல்டர்ணே?"

"என் கல்யாண ஆல்பம். கொஞ்சம் கலர் ஏத்தித் தாரேன்னு வீட்ல வாக்குக் கொடுத்து ஆறு வருசமாச்சு."

"அண்ணி கேட்டா?"

முதல் தடவையாக ஸ்டூல் பக்கம் திரும்பி என் முகத்தைப் பார்த்தார்.

"சேவ் ஆகலைன்னு சொல்லிக்கலாம்ணே."