சாத்தானுக்கும் ஓய்வு வேண்டும்

முழு இரவு ஜெபத்தில் மைக் மக்கர் செய்தால் அதற்குச் சாத்தானைப் பிடிக்கும் வழக்கத்தை நம் ஆட்கள் என்றைக்கு விடப்போகிறார்களோ தெரியவில்லை. போன வாரமும் அதே கதை. ஆம்ப்ளிஃபயரின் பின்னால் ஒயர் இற்றுத் தொங்கியது முதல் வரிசைக்கே தெரிந்தது. ஆனாலும் சத்துரு தடை செய்கிறான் என்று சொல்லி அவனைக் கட்டி ஜெபித்தார்கள். கட்டவேண்டியது ஒயரை. அதற்கு இன்சுலேஷன் டேப் போதும். காரிமங்கலம் கடைவீதியிலேயே கிடைக்கும். எரிச்சல் இன்னும் ஆறவில்லை என்பதால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

சாத்தானுடைய பழைய வேலைகளைப் பாருங்கள். ஏதேனில் ஒரே பேச்சில் மனித குலத்தையே கவிழ்த்தவன். யோபுவின் எருது, ஆடு, ஒட்டகம், பிள்ளைகள் என எல்லாவற்றையும் ஒரே நாளில் வாரிக்கொண்டு போனவன். வனாந்தரத்தில் இயேசுவிடமே உலகத்து ராஜ்யங்களையெல்லாம் காட்டி விலை பேசியவன். அப்பேர்ப்பட்டவன் இன்று தர்மபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவில் என்ன செய்துகொண்டிருக்கிறான்? சாட்சி சொல்கிறவர்களை நம்பினால், நெடுஞ்சாலையில் டிவிஎஸ் எக்ஸ்எல்லைப் பஞ்சராக்குகிறான். மிக்ஸியின் காயிலைக் கருக்குகிறான். ஆராதனைக்குக் கிளம்பும் நேரம் பார்த்து கேஸ் தீர்ந்துபோகச் செய்கிறான். ரேஷன் கடை மெஷினில் கைரேகை விழாமல் தடுக்கிறான். சுங்கச்சாவடியில் ஃபாஸ்டேகைப் படிக்கவிடுவதில்லை. நாம் விற்கப்போகும் அன்று பாலக்கோடு மண்டியில் தக்காளி விலையை இறக்குவது அவன். நாம் வாங்கப்போகும் அன்று அதே தக்காளிக்கு விலை ஏற்றுவதும் அவன்தான். மாம்பூவை உதிர்க்கிறான், பாலைத் திரிக்கிறான், டவுன் பஸ்ஸை இரண்டு நிமிடம் முன்னதாக எடுத்துவிடுகிறான். மின்வாரியத்தின் பராமரிப்பு அறிவிப்பு முதல் நாளே பேப்பரில் வந்திருந்தாலும் கரண்டை நிறுத்தியது அவன்தான். ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது. அன்றைக்குத்தான் அதிக வேலை. டிசம்பரில் கேரல் வண்டியின் பேட்டரியையும் பார்த்துக்கொள்ள வேண்டியிருப்பதால் ஓவர்டைம் வேறு. இந்தச் சில்லறை வேலைக்காகவா அவன் பரலோகத்தில் அவ்வளவு பெரிய கலகம் செய்தான்? தொழிற்சங்கம் ஒன்று இருந்திருந்தால் நம் மேல் என்றைக்கோ வழக்குப் போட்டிருக்கும்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. பஞ்சருக்கு எதிரான போரில் நாம் தோற்பதேயில்லை. ஒட்டிவிட்டால் ஜெயம், அடுத்த வாரம் சாட்சி. எதிரி வெளியே நிற்கிறான், நாம் மாறவேண்டியது எதுவுமில்லை. எந்தப் போராட்டம் உண்மையில் முக்கியம் என்று பார்க்க மூன்று அளவுகோல் வைத்திருக்கிறேன். முதலாவது: அதன் செலவு யார் தலையில் விழுகிறது? நமக்குச் செலவே வைக்காத போராட்டத்தைச் சந்தேகப்படலாம். தமிழ்நாட்டுத் திருச்சபை வரலாறு இதற்கு நிறையவே ஆதாரம் தருகிறது. 1606-இல் மதுரைக்கு வந்த மிஷனரி ராபர்ட் தெ நொபிலி, கிறிஸ்தவர் ஆனவர்கள் பூணூலும் குடுமியும் சந்தனமும் வைத்துக்கொள்ள விட்டார். அது சரியா என்ற சண்டை கோவா வழியாக ரோமாபுரி வரை போய், 1623 ஜனவரியில் திருத்தந்தை 15-ஆம் கிரகோரி அனுமதி கொடுத்து முடித்துவைத்தார். அதே ஆணையில், குலப்பெருமை பேசுகிறவர்கள் எளியவர்களை இகழக் கூடாது, அதிலும் கோயிலுக்குள் கூடவே கூடாது என்றும் கேட்டுக்கொண்டிருந்தார். சந்தனத்தைப் பற்றிய பாகத்தை எல்லாரும் கவனமாகப் படித்தார்கள். மற்றதைப் படித்தவர்கள் வடக்கன்குளத்தில் இல்லை போலிருக்கிறது: அங்கே ஒரே கோயிலுக்குள் சாதிக்கொரு பக்கமாகப் பிரித்துச் சுவர் வைத்தார்கள், அதை இடித்தபோது வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. திருச்சி மேலப்புதூரிலோ செத்தவர்களுக்கு நடுவிலும் சுவர். கல்லறையில் யார் யாரைத் தீட்டுப்படுத்துவார்கள் என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

அப்படியானால் உபதேசச் சண்டையெல்லாம் வீண் என்கிறீரா என்று கேட்பீர்கள். இல்லை. பக்கத்துக் கிருஷ்ணகிரியிலேயே மறு உதாரணம் இருக்கிறது. வேதாகமம் எந்த அளவுக்குத் தேவனால் ஏவப்பட்டது என்ற கேள்வியில் லைப்சிக் மிஷனோடு முரண்பட்டு, இருந்த இடத்தை இழந்த தியோடர் நேதர், அமெரிக்காவின் மிசௌரி லுத்தரன் சபையோடு சேர்ந்து 1895-இல் கிருஷ்ணகிரியில் ஊழியத்தைத் தொடங்கினார். 1904-இல் பிளேக் நோயில் இறந்தார். அவருடைய வாதம் சரியா தவறா என்பது வேறு விஷயம். சம்பளத்தைப் பணயம் வைத்து ஒருவர் போடும் சண்டைக்கு மரியாதை உண்டு. மைக் செட்டுக்காகச் சாத்தானைத் திட்டுவதில் நமக்கு என்ன நஷ்டம்? தொண்டை கட்டும், அவ்வளவுதான்.

அடுத்த ஆட்சேபம் வேதத்திலிருந்தே வரும்: நமக்கு மாம்சத்தோடும் இரத்தத்தோடும் அல்ல, பொல்லாத ஆவிகளோடுதான் போராட்டம் என்று பவுல் எபேசியருக்கு எழுதவில்லையா? எழுதினார். ஆனால் அதற்கு அவர் எடுத்துக்கொள்ளச் சொன்ன ஆயுதங்களையும் பார்க்கவேண்டும். சத்தியம் இடுப்பில் கச்சை, நீதி மார்பில் கவசம். அதாவது, பொல்லாத ஆவியை எதிர்க்கிறவர் வாரச்சந்தையில் எடை குறைக்காமலிருக்க வேண்டும். தராசைப் பற்றிய ஜெபக்குறிப்பு எந்தக் கூட்டத்திலாவது வந்திருக்கிறதா? அதே பவுல், எதைச் சாப்பிடுவது, எந்த நாளைக் கொண்டாடுவது என்ற கேள்விகளை அவரவர் மனசாட்சிக்கு விட்டுவிட்டார். ஆனால் யாரோடு ஒரே பந்தியில் உட்காருவது என்ற கேள்வி வந்தபோது அந்தியோகியாவில் பேதுருவையே முகத்துக்கு நேராக எதிர்த்தார். நாம் தலைகீழாக நிற்கிறோம். லெந்து நாட்களில் முட்டை சேர்க்கலாமா, கோயில் பொங்கலை வாங்கலாமா என்று மணிக்கணக்கில் பேசுவோம். கல்யாண விளம்பரத்தில் ஆர்.சி., சி.எஸ்.ஐ. என்று தொடங்கி, அடுத்த சொல்லாகச் சாதியைப் போட்டு, கடைசியில் ‘தேவ பயமுள்ள பெண் தேவை’ என்று முடிப்போம். 2012 நவம்பரில், ஒரு கலப்புத் திருமணத்தை முன்னிட்டு, நாயக்கன்கொட்டாய் பக்கம் நத்தம் காலனியைக் கொளுத்திய தர்மபுரி மாவட்டம் இது. இங்கே அந்த விளம்பரத்தைச் சாதாரணமாகப் படித்துவிட்டு மடித்துவைக்க என்னால் முடியவில்லை.

சிறிய காரியத்தில் உண்மையாயிருக்கிறவன்தானே பெரியதிலும் உண்மையாயிருப்பான் என்பது கடைசி ஆட்சேபம். நியாயமானதுதான். ஆனால் அதைச் சொன்ன அதே வாயால்தான் இயேசு, சீரகத்தில் தசமபாகம் எடுத்துவைத்து நீதியையும் இரக்கத்தையும் விட்டவர்களைப் பொரிந்து தள்ளினார். சீரகத்தை விடச் சொல்லவில்லை. இதையும் செய்யுங்கள், அதையும் விடாதீர்கள் என்றார். ஆகவே ஒயர் அறுந்தால் தாராளமாக ஜெபிக்கலாம், டேப்பும் ஒட்டலாம். அதன்பின் மிச்சமிருக்கும் இரவில் வேலைக்காரம்மாவின் சம்பளப் பாக்கி, வாங்கிய வரதட்சணை, தங்கைக்கு எழுதிக்கொடுக்காத பங்கு நிலம் ஆகியவற்றைக் குறிப்பாகச் சொல்லி ஜெபிக்கலாம். விடிவதற்குள் பாதிப் பேர் கிளம்பிவிடுவார்கள். மற்ற இரண்டு அளவுகோல்களுக்கும் இங்கே இடம் போதவில்லை. பக்கத்தைக் குறைத்தவர் ஆசிரியர். தயவுசெய்து அதையும் சாத்தான் கணக்கில் எழுதிவிடாதீர்கள்.