முளைப் பார்வையாளர்

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்ற பழமொழியையே வாழ்க்கைத் தொழிலாகக் கொண்டுவிட்ட ஒரு மனித வகை, ஜிப்மர் மருத்துவமனைக்கும் காவலர் மைதானத்துக்கும் பேர்பெற்ற புதுச்சேரிக் கோரிமேட்டில், காலை நடை முடிந்து தேநீர்க் கடைக்கு வந்து சேரும் வேளையில் தெளிவாகக் காணக் கிடைக்கிறது. ஓய்வூதியமும் கழுத்தில் ஒரு துண்டும், ஹாக்கி ஆடும் எந்தப் பையனைப் பற்றியும் கைவசம் ஒரு தீர்ப்பும் உடைய இவரை முளைப் பார்வையாளர் எனலாம். இவர் ஹாக்கி மட்டையைக் கடைசியாகத் தொட்டது எப்போது என்ற கேள்வி நாகரிகம் கருதி எழுப்பப்படுவதில்லை.

ஹாக்கியில் ஒரு சிறுவன் ஏறிச் செல்வதற்கென்று படிகள் உண்டு. 16 வயதுக்கு உட்பட்டோருக்கான சப்-ஜூனியர் தேசியப் போட்டி, 19 வயதுக்கு உட்பட்டோருக்கான ஜூனியர் போட்டி, பின்னர் 21 வயதுக்கு உட்பட்டோரின் உலகக் கோப்பை என நீளும் அந்த ஏணியில், படிக்குப் படி ஆட்டமே வேறாகிவிடுகிறது. கீழ்ப்படியில் பந்தை உருட்டிக்கொண்டு ஐந்து பேரைத் தாண்டியவன் மேல்படியில் முதல் ஆளிடமே பந்தைப் பறிகொடுக்கிறான், ஏனெனில் அங்கே நிற்பவர்கள் எல்லாரும் கீழே ஐந்து பேரைத் தாண்டி வந்தவர்கள்தாம். முளைப் பார்வையாளருக்கு இந்த ஏணி தேவைப்படுவதில்லை. ஜிப்மரில் நோயறிய ரத்தமும் ஊடுகதிர்ப் படமும் வேண்டும். கடை பெஞ்சில் இருப்பவருக்கோ, பையன் மைதானத்துக்குள் நடந்து வரும் நடை போதும்.

பெனால்டி கார்னர், அதாவது கோலை ஒட்டிய வட்டத்துக்குள் தடுப்பாளர் செய்யும் பிழைக்காக எதிரணிக்குக் கிடைக்கும் வாய்ப்பு, இவருடைய சிறப்புப் பாடம். அதில் மட்டையை ஓங்கி அடிக்கும் முதல் அடி கோல்கோட்டைக் கடக்கையில் 46 சென்டிமீட்டருக்கு மேல் எழக்கூடாது. பந்தை மட்டையோடு ஒட்டி இழுத்துச் சுண்டும் ட்ராக் ஃப்ளிக்குக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அந்தச் சுண்டலில் இடுப்பும் முதுகும் கடுமையாக முறுக்கப்படுவதால், வளரும் உடலுக்கு அதை அளந்து கொடுப்பதே முறை. பதினான்கு வயதுப் பையன் சுண்டிய பந்து தரையோடு போனால் "கையில் உயிரில்லை" என்றும், அடுத்த பந்து வேலியைத் தாண்டினால் "அடக்கமில்லை" என்றும் சொல்லிவிட்டு, இரண்டுக்கும் செயற்கைப் புல்லே காரணம் என்று இவர் முடிக்கிறார். 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் செயற்கைப் புல் வந்து இந்தியா ஏழாமிடத்துக்குப் போன நாளோடு ஆட்டம் கெட்டது என்பது இவர் கட்சி. பையன் ஆடியது மண்தரையில் என்று சுட்டிக்காட்டுபவர், அன்றைய தேநீருக்குத் தாமே காசு கொடுக்க நேரிடும்.

திண்டிவனம் சாலையில் சற்று நடந்தால் தமிழ்நாடு தொடங்கிவிடுவதால், கோரிமேட்டுக்கே உரிய ஆலோசனை ஒன்றும் இவரிடம் உண்டு. தமிழ்நாட்டு அணிக்குக் கோவில்பட்டி ஹாக்கி விடுதிப் பையன்களோடு மோத வேண்டும், ஆகவே அப்பக்கத்துப் பட்டானூர்க் குடும்பம் வீட்டை இப்பக்கம் மாற்றிக்கொண்டு, பிரெஞ்சு வாடை போகாத பெயருடைய லெ புதுச்சேரி ஹாக்கி அமைப்பில் முயல வேண்டும் என்பார். மாறி வந்தவனைப் போட்டிக்குப் பயந்தவன் என்று சொல்பவரும் இவரே.

இவருடைய புலமை முழுதாக வெளிப்படுவது கார்த்தி செல்வத்தைப் பற்றிய பேச்சில். அரியலூரிலிருந்து சென்று கோவில்பட்டி ஹாக்கி விடுதியில் பயின்ற அந்த முன்கள வீரர், 2022 மே மாதம் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில், பாகிஸ்தானுக்கு எதிரான தம் முதல் சர்வதேச ஆட்டத்திலேயே கோல் அடித்தார். 2024 பாரிஸ் ஒலிம்பிக் அணியில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. கோல் செய்தி வந்த அன்று "அப்போதே சொல்லியாயிற்று" என்ற பார்வையாளர், பாரிஸ் பட்டியல் வந்த அன்றும் அதே சொற்களை அதே தொனியில் சொன்னார். இருபதுகளில் இருக்கும் வீரர் உள்ளே வருவதும் வெளியே போவதும் தேர்வாளர்களுக்குப் பழகிய ஏற்ற இறக்கம். பார்வையாளரின் கணக்கேட்டில் தேதி எழுதும் வழக்கமே இல்லை.

2025 இறுதியில் ஜூனியர் உலகக் கோப்பை 24 அணிகளோடு சென்னையிலும் மதுரையிலும் நடந்தபோது, இவர் கோரிமேட்டை விட்டு நகராமலே ஜெர்மானியப் பையன்களின் நடை சரியில்லை என்று கண்டறிந்தார். கோப்பை ஜெர்மனிக்குப் போன மறுநாள், "இந்த வயதில் ஜெயிப்பது பெரிதில்லை, ஐந்து வருஷம் கழித்துப் பார்க்க வேண்டும்" என்றார். இவர் இதுவரை சொன்னவற்றில் எந்தப் பயிற்சியாளரும் மறுக்க மாட்டாத ஒரே வாக்கியம் அதுதான்.